கிடேரிகளை ஒரே நாளில் பருவத்துக்குக் கொண்டுவருவது எப்படி?

இருபது கிடேரிகள் நிற்கும் கொட்டகையில் சராசரியாக நாளுக்கு ஒன்று சினைப்பருவத்துக்கு வரும். சுழற்சி சுமார் 21 நாள். அதில் இன்னொரு மாடு மேலே தாண்டும்போது விலகாமல் நின்று கொடுப்பது 12 முதல் 18 மணி நேரம்தான். நள்ளிரவில் தொடங்கினால் மறுநாள் மாலை கவனிப்பதற்குள் முடிந்திருக்கும். அடுத்த வாய்ப்புக்கு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். எல்லாக் கிடேரிகளும் ஒரே நாளில் பருவத்துக்கு வந்தால் கருவூட்டலை ஒரே மூச்சில் முடித்துவிடலாமே என்ற எண்ணம் இங்கேதான் பிறக்கிறது.

இதற்குப் போடும் ஊசி பருவத்தை உண்டாக்குவதில்லை, பருவத்துக்கு இருக்கும் தடையை நீக்குகிறது. கருமுட்டை வெளியேறிய இடத்தில் சினைப்பையில் மஞ்சள் உடலம் என்ற திசு வளர்ந்து புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கும். அது சுரந்துகொண்டிருக்கும்வரை மாடு பருவத்துக்கு வராது. சினை பிடிக்காவிட்டால் 16, 17ஆம் நாள் வாக்கில் கருப்பையே புரோஸ்டாகிளாண்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து அந்த உடலத்தைக் கரைத்துவிடும். அதே புரோஸ்டாகிளாண்டினைத்தான் நாம் முன்கூட்டியே ஊசியாகப் போடுகிறோம்.

ஆனால் பருவத்துக்கு அடுத்த ஐந்து நாட்களில் மஞ்சள் உடலம் இளசாக இருக்கும், ஊசிக்கு மசியாது. அதனால்தான் 11 முதல் 14 நாள் இடைவெளியில் இரண்டு ஊசி. முதல் ஊசியன்று சுழற்சியின் 3ஆம் நாளில் இருக்கும் கிடேரிக்கு ஒன்றும் ஆகாது. 11 நாள் கழித்து அது 14ஆம் நாளில் நிற்கும். 10ஆம் நாளில் இருந்தது மூன்று நாளில் பருவத்துக்கு வந்து, இரண்டாம் ஊசியன்று 8ஆம் நாளில் நிற்கும். 19ஆம் நாளில் இருந்தது தானாகவே பருவத்துக்கு வந்து 9ஆம் நாளில் நிற்கும். இப்போது மூன்றுமே ஊசிக்கு இணங்கும் நிலையில் இருக்கின்றன. கணக்கு அழகுதான்.

இருந்தும் எல்லாம் ஒரே நாளில் வராது, இரண்டு முதல் ஐந்து நாளுக்குள் சிதறி வரும். காரணம், சினைப்பைக்குள் கருமுட்டையைச் சுமந்து வளரும் சிறு முட்டைப்பைகள். ஒரு சுழற்சிக்குள் அவை இரண்டு, மூன்று அலைகளாக வளர்ந்து அழிகின்றன. ஊசி போடும்போது பெரிய பை தயாராக இருந்தால் பருவம் சீக்கிரம் வரும். அலை அப்போதுதான் தொடங்கியிருந்தால் தாமதமாகும்.

எனவே அலையையும் சீராக்க வேண்டும். 1995இல் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட 'ஓவ்சிங்க்' முறை அதைத்தான் செய்தது: முதல் நாள் கருமுட்டையை வெளியேறத் தூண்டும் ஜிஎன்ஆர்எச் என்ற ஹார்மோன் ஊசி, ஏழு நாள் கழித்து புரோஸ்டாகிளாண்டின், இரண்டு நாளில் மீண்டும் ஜிஎன்ஆர்எச், பிறகு 16 முதல் 20 மணி நேரத்தில் கருவூட்டல். பருவ அறிகுறியைப் பார்க்கவே தேவையில்லை. கறவை மாடுகளில் நன்றாக வேலை செய்த இம்முறை கிடேரிகளில் சறுக்கியது. முதல் ஊசிக்குப் பல கிடேரிகள் முட்டை விடுவதில்லை. சில, திட்டம் முடியும் முன்பே பருவத்துக்கு வந்துவிடுகின்றன.

கிடேரிகளுக்கு ஐந்து நாள் திட்டமே மேல் என்பது என் கருத்து. ஜிஎன்ஆர்எச் போடும் நாளிலேயே புரோஜெஸ்டிரோன் கசியும், 'டி' வடிவச் சிலிக்கோன் சாதனத்தைப் பிறப்புறுப்புக்குள் வைப்பார்கள். அது உள்ளே இருக்கும்வரை எந்தக் கிடேரியும் முந்திக்கொள்ளாது. ஐந்தாம் நாள் அதை எடுத்துவிட்டுப் புரோஸ்டாகிளாண்டின். மறுநாள் இன்னொரு டோஸ், ஏனென்றால் திட்டத்தின் தொடக்கத்தில் புதிதாக உருவான மஞ்சள் உடலம் இன்னும் இளசு. சாதனத்தை எடுத்து 72 மணி நேரத்தில் ஜிஎன்ஆர்எச்சும் கருவூட்டலும் ஒன்றாக.

இத்தனையும் சுழற்சி தொடங்கிய கிடேரிக்குத்தான். முதிர்ந்த மாட்டின் எடையில் 55 முதல் 60 சதவீதத்தை எட்டாததற்கு ஊசி வாங்குவதைவிடத் தீவனம் வாங்குவது நல்லது. சினையாக இருக்கிறதா என்பதையும் கால்நடை மருத்துவர் பார்த்துவிட வேண்டும். சினை மாட்டுக்குப் புரோஸ்டாகிளாண்டின் போட்டால் கரு கலைந்துவிடும். மனிதத் தோல் வழியாகவும் அது உள்ளே போகும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் அந்தக் குப்பியைத் தொடக் கூடாது. மற்றவர்கள் கையுறை போட்டுக்கொண்டு, தோலில் சிந்தினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.