மராமத்து: பழுது பார்ப்பதும் பேணுவதும்

ஏரி, மதகு, வாய்க்கால், பள்ளிக்கூடக் கட்டடம், சத்திரம் என்று ஊருக்குப் பொதுவான எதைச் சரிசெய்தாலும் அந்த வேலைக்குத் தமிழ்நாட்டில் நெடுநாளாக வழங்கிவரும் பெயர் மராமத்து. வீட்டுக்கு ஓடு மாற்றினால்கூட "மராமத்து பார்த்தோம்" என்று சொல்லும் பெரியவர்கள் இன்றும் உண்டு. 2017 மார்ச்சில் மணிமங்கலம் ஏரியில் தமிழ்நாடு அரசு குடிமராமத்துத் திட்டத்தைத் தொடங்கிய பிறகு இளைஞர்களுக்கும் இந்தச் சொல் பழகிவிட்டது. ஆனால் அது எங்கிருந்து வந்தது, அதற்குச் சரியான தமிழ் எது என்று கேட்டால் பலரும் சட்டென்று "பராமரிப்பு" என்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. இந்த வேறுபாடு தெளிவாகாததால் சிறிய ஊர்களின் பொதுச் சொத்துகள் நிஜமாகவே பாழாகின்றன என்பது என் எண்ணம்.

முதலில் பிறப்பு. மராமத்து அரபு மூலம் கொண்ட சொல். அரபியில் ர-ம்-ம் என்ற மூன்று மெய்கள் கொண்ட வேருக்குச் சீர்கெட்டதைச் சரிசெய்தல் என்று பொருள். அதே வேருக்கு மக்கிப்போதல், உளுத்துப்போதல் என்ற பொருளும் உண்டு. மக்கிய எலும்பைச் சொல்லும் 'ரமீம்' அந்த வேரில் பிறந்ததுதான். ஆகவே இந்தச் சொல்லின் பொருளுக்குள்ளேயே கெட்டுப்போதல் முதலில் நடந்துவிடுகிறது, சரிசெய்தல் பிறகு வருகிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அரபியிலிருந்து பாரசீகம், அங்கிருந்து இந்திய மொழிகள். இந்தியிலும் உருதுவிலும் 'மரம்மத்', தெலுங்கில் 'மரம்மத்து', மராட்டியில் 'மராமத்', தமிழிலும் மலையாளத்திலும் 'மராமத்து'. ஜில்லா, தாலுக்கா, இலாகா, கஜானா, வசூல், ஜமாபந்தி எல்லாம் வந்த அதே நிர்வாக வழியில்தான் இதுவும் வந்தது. கணக்கெழுதுபவர் மூலம் நுழைந்து உழவர் வாயில் தங்கிவிட்ட சொல். கம்பெனி ஆட்சியில் சென்னை வருவாய் வாரியத்தின் கீழ் மராமத்துப் பிரிவு என்றே ஒன்று இருந்தது. 1858-ஐ ஒட்டிப் பொதுப்பணித்துறை உருவானபோது அந்த வேலைகள் அங்கே போயின. நாம் 'பொதுப்பணி' என்று மாற்றிக்கொண்டோம். கேரளத்தில் அந்தத் துறைக்கு இன்றும் பொதுமராமத்து வகுப்பு என்றுதான் பெயர்.

குடிமராமத்து என்பதில் வரும் 'குடி', அந்த ஏரித் தண்ணீரை நம்பிப் பயிர் வைப்பவர்கள். உடைந்த மதகைக் கட்டுவது, மிகுநீர் வழிந்தோடும் கலிங்கை உயர்த்துவது போன்ற பெரிய வேலைகள் அரசைச் சேர்ந்தவை. வாய்க்காலில் மண்டிய கோரையை அறுப்பது, மதகு வாயில் படிந்த வண்டலை அள்ளுவது, மழை அரித்த கரையில் மண் கொட்டி மிதிப்பது, வெள்ளக் காலத்தில் இரவில் கரையைக் காவல் காப்பது எல்லாம் குடிகளைச் சேர்ந்தவை. பணத்தில் அளந்தால் சின்ன வேலைகள். ஆனால் கரை உடையாமல் நிற்பது இவற்றால்தான். எலி வளை, நண்டு வளை ஒன்றை அடைக்காமல் விட்டால் போதும், நீர் ஏறும்போது அந்தத் துளையில் கசிவு தொடங்கி மண்ணைக் கரைத்துக்கொண்டே போய்க் கரையைத் திறந்துவிடும்.

1858-இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. கரை உடையும் ஆபத்து நேர்ந்தால் சுற்றுவட்டாரத்து உடலுழைப்பாளர்கள் வந்தே தீர வேண்டும். வழக்கப்படி செய்ய வேண்டிய குடிமராமத்தைச் செய்யாதவர், அந்த உழைப்பின் மதிப்பைப் போல இரு மடங்கு பணம் கட்ட வேண்டும். ஒரு வழக்கத்தைக் காக்கச் சட்டம் தேவைப்பட்டது என்றாலே அந்த வழக்கம் தளர்ந்துவிட்டது என்றுதான் பொருள். தளர்ந்த காரணத்தைப் பலர் மக்களின் சோம்பல் மேல் போடுகிறார்கள். அது நியாயமில்லை. செங்கல்பட்டுப் பகுதியில் தாமஸ் பர்னார்ட் என்பவர் 1767 முதல் 1774 வரை எடுத்த கணக்கில், விளைச்சலிலிருந்து ஏரிக்கென்று ஒரு பங்கு தனியாக ஒதுக்கப்பட்டது பதிவாகியிருக்கிறது. அறுவடையில் இப்படி ஒதுக்கும் பங்குக்கு மேரை என்று பெயர். நிலவரி முறை மாறி, விளைச்சல் முழுவதன் மேலும் அரசு கை வைத்தபோது, ஊருக்குள் சுற்றிவந்த இந்தப் பங்குகளும் வரிக்குள் கரைந்தன. நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, கம்புகட்டி என்று வட்டாரத்துக்கு ஒரு பெயரில் இருந்த மடைக் காவலருக்குக் கூலி போகும் வழி குறுகியது. பணம் போன பிறகு கடமையை மட்டும் சட்டம் பிடித்து வைத்துக்கொண்டது.

சரி, மராமத்து என்ற சொல் வருவதற்கு முன் நம்மவர்கள் என்ன சொன்னார்கள்?

கல்வெட்டுகளில் ஏரிப்பட்டி என்று வரும். ஏரியின் காப்புச் செலவுக்காக விடப்பட்ட நிலம் அது. ஏரி ஆயம் என்ற வரியும் வரும். எனக்கு மிகவும் பிடித்தது புதுக்குப்புறம். கோயில் முதலானவற்றைப் பழுதுநீக்கிப் புதுக்குவதற்கென்று எழுதிவைத்த நிலம்தான் புதுக்குப்புறம். புதுக்குதல் என்றால் பழையதைப் புதிதாக்குதல். கட்டும்போதே, பின்னால் புதுக்குவதற்கு வருமானம் எது என்று யோசித்து எழுதி வைத்திருக்கிறார்கள். இவ்வளவு அழகான ஆட்சிச் சொல்லை நாம் கல்வெட்டு அகராதியோடு விட்டுவிட்டது வருத்தமாக இருக்கிறது.

உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து, 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்த கல்வெட்டுகளைப் பலரும் குடவோலைக்காகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். ஓலை எதற்காகப் போட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், சம்வத்சர வாரியம் என்ற ஆண்டு வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர். 35 வயதுக்கு மேல், 70 வயதுக்குள். பதவி 360 நாள். கணக்குக் காட்டாதவரும் அவரது உறவினரும் மறுபடி நிற்க முடியாது. ஏரியைப் பார்த்துக்கொள்வது தனிக் குழுவின் முழு ஆண்டு வேலையாக இருந்தது. உடைந்தால் கூடிப் பேசும் விஷயமாக இருக்கவில்லை. அதே வாரியம் என்ற சொல்தான் 1971-இல் தொடங்கிய தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பெயரிலும் இருக்கிறது. உத்திரமேரூரும் இப்போது ஒரு பேரூராட்சி.

அப்புறம் பராமரிப்பு. இதுவும் தனித்தமிழ் இல்லை. பராமர்சம் என்ற வடசொல்லின் வழி வந்தது. வடமொழியில் அதற்குத் தொடுதல், கையால் தடவிப் பார்த்தல், ஆராய்தல் என்று பொருள். தமிழில் பராமரித்தலுக்குப் பழைய பொருள்களில் ஒன்று விசாரித்தல், இன்னொன்று காப்பாற்றுதல். அதாவது போய்ப் பார்த்துக் கேட்டறிவதிலிருந்து காப்பது வரை ஒரே சொல்லுக்குள் இருக்கிறது. மராமத்து பழுதிலிருந்து தொடங்குகிறது என்றால், பராமரிப்பு பார்வையிடுவதிலிருந்து தொடங்குகிறது.

தூய தமிழில் இதற்கு இணை பேணுதல். விரும்பிப் போற்றுதல், கவனித்துக் காத்தல், குறையாமல் வைத்திருத்தல் எல்லாம் அதில் அடங்கும். உடல்நலம் பேணுகிறோம், முதியோரைப் பேணுகிறோம். பம்பு அறையைப் பேணுகிறோம் என்று எழுதினால் சிலருக்கு இலக்கியமாகத் தோன்றலாம். எழுதிப் பழகினால் சரியாகிவிடும்.

இந்த வேறுபாடு ஒரு சின்ன ஊரில் எப்படித் தெரியும் என்பதற்கு ஒரு வால்வை எடுத்துக்கொள்வோம். மேல்நிலைத் தொட்டியிலிருந்து தெருக்களுக்குப் பிரியும் குழாயில், தரைக்குக் கீழே செங்கல் குழிக்குள் அது இருக்கும். வால்வின் தண்டைச் சுற்றி நீர் கசியாமலிருக்க, கிளாண்ட் கயிறு என்கிற எண்ணெய்ப் பசையுள்ள கயிற்றைச் சுற்றி அழுத்தி வைத்திருப்பார்கள். தினமும் திறந்து மூடுவதில் அது தேயும். முதலில் சொட்டும். அப்போதே மேல் நட்டைக் கொஞ்சம் இறுக்கினாலோ கயிறை மாற்றினாலோ வேலை முடிந்தது. விட்டால் குழி நிறையும், பக்கத்துச் சாக்கடை நீரும் அதில் சேரும். தண்ணீர் விடும் நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் இருப்பதால் கசிவு வெளியே மட்டும்தான் போகும். வால்வை மூடியதும் தாழ்வான தெருக்களுக்கு நீர் இறங்கி, குழாய்க்குள் அழுத்தம் குறையும். அப்போது குழியில் தேங்கியது அதே இடைவெளி வழியாக உள்ளே இழுக்கப்படும். மறுநாள் முதல் குடத்தில் அதுதான் வரும். குழாயில் வரும் நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது தரம். தொட்டியில் அளவாகக் கலந்திருந்தாலும் இந்த அழுக்கு நீர் அதைத் தின்றுவிடும்.

இறுக்க வேண்டிய நட்டை உரிய நாளில் இறுக்குவது பேணல். ஊரில் வயிற்றுப்போக்கு வந்த பிறகு குழாயைத் தோண்டி மாற்றுவது மராமத்து. நம் பேரூராட்சி நடைமுறை இரண்டாவதற்கென்றே வடிவமைந்திருக்கிறது. மதிப்பீடு, மன்றத் தீர்மானம், ஒப்பந்தப்புள்ளி, அளவுப் புத்தகத்தில் பதிவு, பில். குழாய் மாற்றும் வேலை இந்த வழியில் நன்றாகவே போகும். ஒரு முழக் கயிறு போகாது. மேலிருந்து வரும் திட்ட நிதி பெரும்பாலும் புதிதாகக் கட்டுவதற்கு வருகிறது. கட்டியதை இயக்கவும் பேணவும் ஆகும் செலவு ஊரின் சொத்துவரியிலிருந்தும் குடிநீர்க் கட்டணத்திலிருந்தும் வர வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் உள்ள 400-க்கும் மேற்பட்ட பேரூராட்சிகளில் சின்னவற்றுக்கு அந்த வருவாய் சம்பளத்துக்கும் மின்கட்டணத்துக்குமே இழுபறி. இதில் செயல் அலுவலரையோ பம்பு இயக்குபவரையோ குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் கையில் மராமத்துக்குப் பாதை இருக்கிறது, பேணலுக்கு இல்லை.

2017 திட்டத்திலும் இதைக் காணலாம். பாசன விவசாயிகள் 10 சதவீதப் பங்கை உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ தர வேண்டும் என்று வைத்தது நல்ல எண்ணம். முதல் கட்டத்தில் 100 கோடி ரூபாய், 1,519 வேலைகள். ஆனால் எந்திரம் வைத்துத் தூர்வாருவதும் மதகைத் திரும்பக் கட்டுவதும் பழைய பங்கீட்டில் அரசின் வேலைகள். குடிகளின் பங்கு ஆண்டு முழுவதும் செய்யும் சிறு வேலைகள். அவற்றுக்கு அந்தத் திட்டத்தில் நிலையான ஏற்பாடு இல்லை. பெயர் திரும்பி வந்தது, மேரை திரும்பவில்லை.

இனி எந்தச் சொல்லை எங்கே எழுதுவது? குடிமராமத்து ஒரு வரலாற்றுப் பெயர். அதைத் தமிழாக்க வேண்டியதில்லை, அப்படியே இருக்கட்டும். வெறும் மராமத்துக்குச் செப்பனிடல் அல்லது பழுதுநீக்கம் பொருத்தம். சீரமைப்பு என்றும் எழுதுகிறார்கள்; அது ஒழுங்குபடுத்துவது, மாற்றி அமைப்பது என்று பரவலாகிவிட்டதால் கணக்குத் தலைப்புக்கு அவ்வளவு கச்சிதமில்லை. ஈழத்தில் திருத்த வேலை என்கிறார்கள், அது எளிமையான நல்ல வழக்கு. பழைய தொட்டியை இடிக்காமல் அடிமுதல் வலுப்படுத்தும் பெரிய வேலைக்குப் புதுக்கல் என்று எழுதலாம். புதுக்குப்புறத்தின் உறவு அதில் தெரியும். அன்றாடக் கவனிப்புக்குப் பேணல். பராமரிப்பு நன்றாக வேரூன்றிய சொல், அதையும் தள்ள வேண்டாம். ஆனால் "பராமரிப்புப் பணிக்காக இன்று குடிநீர் வராது" என்று குழாய் உடைப்புக்கு அறிவிப்பு எழுதுவது தவறு. அது பழுதுநீக்கம்.

பேரூராட்சி வரவு செலவுத் திட்டத்தில் 'மராமத்து மற்றும் பராமரிப்பு' என்று ஒரே வரியாக இருக்கும் தலைப்பை இரண்டாகப் பிரித்து எழுத வேண்டும். செப்பனிடல் என்பதன் கீழ் இப்போது இருப்பது போலவே வேலையின் பெயரும் மதிப்பீடும் வரட்டும். பேணல் என்பதன் கீழ் எந்த வால்வு, எந்தத் தொட்டி, எந்த மதகு, யார் பார்க்கிறார், மாதத்தில் எந்த நாள், அவர் கையில் எவ்வளவு சில்லறைச் செலவுப் பணம் என்பது வர வேண்டும்.