உப்புக்கொத்தி: அனுமனும் கென்டும்

யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தைத் தாண்டினால், தண்ணீர் வற்றிய சேற்றில் மண்ணிறக் குருவி ஒன்று குடுகுடுவென ஓடும். சட்டென நிற்கும், ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். அதுதான் உப்புக்கொத்தி. ஆங்கிலத்தில் புளோவர்.

புளோவர் பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல். வேர், மழையைக் குறிக்கும் இலத்தீன் ‘புளூவியா’. மழைக்கும் இந்தக் குருவிக்கும் என்ன தொடுப்பு என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அதை நம்பி ‘மழைப்பறவை’ என்று மொழிபெயர்ப்பது வீண் வேலை. தமிழ்ப்பெயர் பறவையைப் பார்த்தே வைத்தது. மரங்கொத்தி மரத்தைக் கொத்தும், மீன்கொத்தி மீனைக் கொத்தும். உப்புக்கொத்தியோ உப்பைக் கொத்துவதில்லை. உப்பளத்திலும் உவர்த்தரையிலும் பூச்சி, புழு, குஞ்சு நண்டு என்று பொறுக்கித் தின்னும். இங்கே உப்பு இரையல்ல, இடம்.

உப்புக்கொத்திகளில் பல இனம். எங்கள் கரையில் ஆளைக் குழப்புவது இரண்டு: கென்ட், அனுமன். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் கூடு கட்டும் பறவைக்கு 1915இல் தனி அறிவியற்பெயர் வைத்தார்கள். ஆனாலும் அது கென்டின் துணையினமாகவே கிடந்தது. 2023இல்தான், மரபணுவையும் உடல் அளவுகளையும் ஒப்பிட்டு, தனியினம் என்றார்கள். இரண்டும் பிரிந்து ஏறத்தாழ 12 இலட்சம் ஆண்டு ஆகிறதாம். மன்னாரையும் இராமேசுவரத்தையும் தொடுக்கும், இராமர் பாலம் எனப்படும் மணல்திட்டுகளை நினைத்து வைத்த பெயர் ஹனுமான். தமிழில் அனுமன் உப்புக்கொத்தி என்றே எழுதலாம்.

கென்ட் இங்கிலாந்தின் ஒரு மாவட்டம். அங்கே இப்போது இந்தப் பறவை கூடு கட்டுவதே இல்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிரிக்க எங்களுக்கு உரிமையில்லை. யாழ்ப்பாணத்து மாம்பழத்துக்கே கறுத்தக்கொழும்பான் என்றுதானே பெயர். ஆகவே கென்ட் உப்புக்கொத்தி இருந்துவிட்டுப் போகட்டும்.

சரி, எப்படிப் பிரித்தறிவது? அனுமன் சற்றுச் சிறிது, சிறகும் குட்டை. இனப்பெருக்கக் காலத்தில் கென்ட் ஆணுக்கு உச்சந்தலையில் செம்பழுப்பு ஏறும், அலகிலிருந்து கண்வரை கறுப்புக்கோடு ஓடும். அனுமனில் அந்தச் செம்மை மிகக் குறைவு, கோடு பெரும்பாலும் இராது. ஆனால் கென்ட் இங்கே மாரிக்கு வரும் விருந்தாளி. அப்போது அதுவும் நிறம் மங்கியே நிற்கும், தை மாதத்தில் தூரத்திலிருந்து பார்த்துச் சத்தியம் செய்ய முடியாது. வைகாசி வெயிலில், தரவை என்னும் வெட்டவெளியில் சிப்பித் துண்டுகளுக்கு நடுவே சின்னக் குழியில் முட்டைமேல் இருப்பதென்றால், இந்த இரண்டில் அது அனுமன்தான்.