விழுங்கவும் முடியாது, வெளியே போகவும் போகாது

பிரேசிலின் உள்நாட்டுக் கிராமங்களில் ஒரு நோயை 'மல் டி எங்காஸ்கோ' என்பார்கள். தொண்டையை அடைக்கும் நோய் என்று பொருள். நோயாளி ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துத்தான் சோற்றை உள்ளே இறக்குவார். அதே ஊர்களில் வேறு சிலருக்கு வாரக்கணக்கில் மலம் போகாது, வயிறு உப்பிக் கிடக்கும். ஒரே ஆளுக்கு இரண்டும் வருவதும் உண்டு. உணவுக்குழாய்க்கும் பெருங்குடலுக்கும் நடுவே இரைப்பையும் பல மீட்டர் சிறுகுடலும் இருக்கின்றன. அப்புறம் எப்படி இரண்டு கோடியிலும் ஒரே வம்பு?

1909இல் கார்லோஸ் சாகஸ் என்ற மருத்துவர், மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தின் லசான்ஸ் ஊரில் ரயில் பாதைத் தொழிலாளர்களுக்கு வந்த மலேரியாவைத் தடுக்கப் போயிருந்தார். மண்சுவர் வெடிப்புகளில் ஒளிந்திருந்து, ராத்திரியில் தூங்குபவரின் முகத்தில் ரத்தம் குடிக்கும் பூச்சி ஒன்று அங்கே உண்டு. முகத்துக்கே வருவதால் அதற்கு 'நாவிதர்' என்று பட்டப்பெயர். அந்தப் பூச்சியின் குடலில் ஒரு நுண்ணுயிரைக் கண்ட சாகஸ், பிறகு காய்ச்சலில் கிடந்த இரண்டு வயதுக் குழந்தையின் ரத்தத்திலும் அதையே பார்த்தார். பூச்சி கடிப்பதால் மட்டும் அது உடம்புக்குள் போவதில்லை. கடித்த இடத்துக்குப் பக்கத்தில் பூச்சி எச்சமிடும். அரிக்கிறதே என்று சொறியும்போது கிருமி உள்ளே போகிறது. ஆனால் அடைப்பு நோய்க்கும் இதுதான் காரணம் என்பது நிலைபெறப் பல பத்தாண்டுகள் ஆயின.

உணவு கீழே இறங்குவது அதன் எடையால் அல்ல. தலைகீழாகத் தொங்கினாலும் விழுங்கலாம். கவளத்துக்கு மேலே தசை சுருங்க வேண்டும், கீழே இளக வேண்டும். இந்த இரண்டு உத்தரவையும் இடுவது குடல் சுவரின் இரண்டு தசை அடுக்குகளுக்கு நடுவே வலைபோல் விரிந்திருக்கும் நரம்பணுக் கூட்டம். அவுர்பாக் பின்னல் என்று அதற்குப் பெயர். உணவுக்குழாயில் தொடங்கி மலக்குடல் வரை இந்த வலை ஓடுகிறது. சுருங்கச் சொல்ல ஒரு வகை அணு, இளகச் சொல்ல இன்னொரு வகை. இளகச் சொல்லும் அணுக்களின் முக்கியமான தூது நைட்ரிக் ஆக்சைடு வாயு.

உணவுக்குழாயின் அடிவாயில் சுருக்குப்பையின் வாய் மாதிரி எப்போதும் இறுகியே இருக்கும், விழுங்கும்போதுதான் திறக்கும். ஆசனவாயின் உள்தசையும் அப்படியே. திறக்கச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் இரண்டும் மூடியே கிடக்கும். மேலே தேங்கத் தேங்கக் குழாய் பை போல வீங்கும்.

1950களில் ரிபெய்ராவ் பிரெட்டோ நகரில் ஃபிரிட்ஸ் கோபர்லே என்ற நோயியலாளர் ஒரு பொறுமையான வேலை செய்தார். சாகஸ் கண்ட அந்தக் கிருமியால் வரும் 'சாகஸ் நோயால்' இறந்தவர்களின் குடலை மெல்லிசாகச் சீவி, நரம்பணுக்களை எண்ணினார். கிருமி உண்டாக்கும் அழற்சியில் அவை கூட்டம் கூட்டமாக அழிந்திருந்தன. சிறுகுடலிலும் சேதம் இருந்தது, ஆனால் அங்கே போவது கூழ். எப்படியோ வழிந்து போய்விடும். கெட்டியான பொருளைத் தள்ள வேண்டிய உணவுக்குழாயும் பெருங்குடலின் கடைசிப் பகுதியும்தான் மாட்டிக்கொள்கின்றன. எனக்கு இந்த விளக்கம் மிகவும் பிடிக்கும்: அடி விழுவது எங்கும், வலி தெரிவது வேலை கடினமான இடத்தில்.

பூச்சியே இல்லாமல் இதே கோளாறு வருவதும் உண்டு. கருவில் இந்த நரம்பணுக்கள் கழுத்துப் பக்கத்திலிருந்து புறப்பட்டுக் குடல் வழியே கீழ்நோக்கி நடந்துபோகின்றன. பாதியில் நின்றுவிட்டால் குழந்தை கடைசிப் பகுதியில் நரம்பணு இல்லாமல் பிறக்கும். ஏறக்குறைய 5,000 பிறப்புகளில் ஒன்றுக்கு இப்படி. 1886இல் இதை விவரித்த டேனிஷ் மருத்துவர் ஹிர்ஷ்ப்ருங்கின் பெயரே நோய்க்கு. வீங்கிய பகுதிதான் கெட்டது என்று வெகுகாலம் அறுவை மருத்துவர்கள் அதையே வெட்டினார்கள். உண்மையில் வீங்கியது நல்ல குடல், நோயுள்ளது பார்க்கச் சாதாரணமாகத் தெரியும் ஒடுங்கிய பகுதி. 1948இல் ஸ்வென்சன் என்ற அறுவை மருத்துவர் அந்த ஒடுங்கிய பகுதியை நீக்கிக் காட்டிய பிறகுதான் குழந்தைகள் தேறின.

செத்த நரம்பணுக்களைத் திரும்பக் கொண்டுவர இன்றும் மருந்து இல்லை. மேல்கோடியில் ஒரு வசதி உண்டு: 1913இல் எர்ன்ஸ்ட் ஹெல்லர் என்ற அறுவை மருத்துவர் செய்ததைப் போல இறுகிய தசையைக் கீறிவிட்டால், நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடுபவருக்குப் புவியீர்ப்பே உணவை இறக்கிவிடும். வளைந்து மடிந்து கிடக்கும் பெருங்குடலில் அந்த உதவி கிடைக்காது. வீக்கம் முற்றினாலோ முறுக்கிக்கொண்டாலோ, அந்தப் பகுதியை வெட்டி எடுக்க வேண்டியிருக்கிறது.