தாகமுள்ள பலகை

காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும், கையால் கட்டிய முகாம் டிரெய்லரின் மேல் கேன்வாஸை ஒட்டி, அதன்மேல் பெயிண்ட் அடித்து மழை புகாத தோலாக்குவது பழைய உத்தி. மரப்படகுகளின் மேல்தளத்துக்கும் ரயில் பெட்டிக் கூரைக்கும் ஒருகாலத்தில் இதைத்தான் செய்தார்கள். துணி உரிந்தால் பழி பசைமேல் விழும். என் கணக்கில், முதலில் விசாரிக்க வேண்டியது அடியில் இருக்கும் பிளைவுட்டை.

வெள்ளை, மஞ்சள் மரப்பசைகள் நீரில் மிதக்கும் நுண்ணிய பாலிமர் துகள்களால் ஆனவை. நீர் விலகும்போதுதான் துகள்கள் நெருங்கி, ஒன்றுகூடிப் படலமாகின்றன. அந்த நீரில் ஒரு பங்கு காற்றில் ஆவியாகிறது. மறுபங்கை மரம் குடிக்கிறது. குடிக்கும்போதே பசையையும் மேல் செல்களுக்குள் இழுத்துக்கொள்கிறது. ஆகவே மரத்துக்குத் தாகம் வேண்டும்.

புதுப் பலகைக்கு அந்தத் தாகம் குறைவாக இருக்கலாம். ஆலையின் சூடும் அழுத்தமும் பட்டு மேற்பரப்பு இறுகியிருக்கும். நாளாக ஆக மரத்தின் பிசினும் மேலே வந்து படியும். ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். முத்தாக உருண்டு நின்றால் உப்புத்தாளை எடுக்க வேண்டியதுதான். 80 அல்லது 120 எண் போதும். கண்ணாடிபோல வழவழப்பாக்குவது வீண் உழைப்பு. சின்னக் கீறல்களைத் துணியின் நெசவே மறைத்துவிடும். தூளை மட்டும் மிச்சம் வைக்காதீர்கள். வைத்தால் பசை மரத்தை விட்டுத் தூளைப் பிடித்துக்கொள்ளும்.

விளிம்பில் கதை தலைகீழ். பிளைவுட்டின் தகடுகள் ஒன்றுக்கொன்று குறுக்கே அடுக்கப்பட்டவை. அதனால் எந்த விளிம்பை அறுத்தாலும் சில தகடுகளின் நுண்குழாய்கள் வாய் திறந்து நிற்கும். அவை பசையை உறிஞ்சி ஒட்டுமிடத்தை வறளவிடும். பிறகு மழைநீரையும் அப்படியே உறிஞ்சும். நீர் கலந்த பசையை முதலில் பூசிக் காயவைத்தால் அந்த வாய்கள் பெருமளவு அடைபடும். கூர்முனைகளை உருட்டியும் விடுங்கள். கூரான மடிப்பில் துணி படியாமல் தூக்கும். பரப்பு இழுவிசையால் பெயிண்டும் முனையை விட்டு விலகி மெலியும்.

திருகாணிக் குழிகளை அடைக்காமல் விடுவது பெரிய தவறு. ஈரப்பட்ட கேன்வாஸ் இறுகும்போது குழிமேல் பறைத்தோல்போல் நிற்கும், உள்ளே காற்று சிக்கும். வெயிலில் அது விரிந்து கொப்பளமாகும். எண்ணெய் சேர்ந்த பட்டி இதற்கு உதவாது, நீர்ப்பசை அதன்மேல் பிடிக்காது.

மழையில் நனைந்த பலகையாக இருந்தால் சில நாள் காத்திருங்கள். ஈர மரத்தின் மேல் துணியும் பெயிண்டும் ஏறிவிட்டால், வெயில் பட்டதும் உள்ளிருக்கும் ஆவி வெளியேற வழி தேடி, பெயிண்டையே தள்ளிக்கொண்டு கிளம்பும்.