வெயிலில் சிறுநீர் ஏன் மஞ்சளாகிறது?

அக்னி நட்சத்திர வெயிலில் அலைந்துவிட்டு வந்தால் சிறுநீர் கொஞ்சமாக, அடர் மஞ்சளாகப் போவது ஏன் என்று வேளச்சேரி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வியர்வையில் போன நீரை ஈடுகட்ட, சிறுநீரகம் தண்ணீரை மிச்சம் பிடிக்கிறது. மஞ்சள் நிறமி எப்போதும் போலத்தான். அதைக் கரைக்கும் நீர்தான் குறைவு.

வடிகட்டும் பகுதி பள்ளியில் படித்ததுதான். ஒரு சிறுநீரகத்தில் நெஃப்ரான்கள் எனும் நுண்ணிய வடிகட்டிக் குழாய்கள் சுமார் 10 லட்சம். அவற்றின் தொடக்கத்தில் உள்ள கிளாமருலஸ் எனும் ரத்தக்குழாய் முடிச்சுகளில் ரத்த அழுத்தத்தால், இரண்டு சிறுநீரகங்களிலும் சேர்த்து, நிமிடத்துக்கு 125 மி.லி. திரவம் வடிகிறது, ரத்த அணுக்களும் அல்புமின் என்ற புரதமும் ரத்தத்திலேயே தங்கிவிடும். நாளுக்கு இது 180 லிட்டர். வெளியே போவதோ ஒன்றரை லிட்டர்! மூன்றில் இரண்டு பங்கு நீரும் உப்பும், குளுக்கோஸ் மொத்தமும் முதல் குழாயிலேயே ரத்தத்துக்குத் திரும்பிவிடுகின்றன.

அடுத்து வருகிறது ஹென்லே வளைவு. கொண்டை ஊசி போலச் சிறுநீரகத்தின் உள்ளே ஆழமாக இறங்கி, திரும்பி மேலேறும் குழாய் இது. இறங்கும் பகுதி நீரை வெளியே விடும், உப்பை விடாது. ஏறும் பகுதி உப்பை வெளியே இறைக்கும், நீரை விடாது. இந்தப் பம்பால் ஓரிடத்தில் உள்ளுக்கும் வெளிக்கும் ஏறக்குறைய 200 மில்லி ஆஸ்மோல் (கரைந்த பொருட்களின் செறிவை அளக்கும் அலகு) வித்தியாசம்தான் உண்டாக்க முடியும். ரத்தத்தின் செறிவு 300. ஆனால் வளைவின் அடியில் 1,200! எப்படி? வெளியே இறைத்த உப்பு, பக்கத்தில் இறங்கும் குழாயிலிருந்து நீரை இழுக்கிறது. அதனால் செறிவு கூடிய திரவம் வளைவைச் சுற்றி அதே பம்பிடம் வந்து சேர்கிறது. முன்பு 300லிருந்து தொடங்கிய பம்பு, இப்போது 400லிருந்து தொடங்குகிறது. மேலிருந்து திரவம் வந்துகொண்டே இருக்க, ஒவ்வொரு சுற்றிலும் அடியில் உப்பு ஏறுகிறது. கடைசிக் கட்டத்தில் யூரியாவும் கைகொடுக்கிறது.

இதை 1942இல் முன்மொழிந்த வெர்னர் கூன் மருத்துவர் அல்ல, வேதியியலாளர். 1951இல்தான் எலிச் சிறுநீரகத்தில் அளந்து காட்டினார்கள். உடனடிப் பயன் கேட்காத இத்தகைய ஆராய்ச்சிக்கு நம் அரசுகள் இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும். கால் வீக்கத்துக்குக் கொடுக்கும் ஃப்யூரோசமைடு மாத்திரை நிறுத்துவது இதே பம்பைத்தான். அதனால்தான் அதைப் போட்டதும் சிறுநீர் அவ்வளவு போகிறது.

நெஃப்ரான்களிலிருந்து வரும் திரவத்தைச் சேர்த்துக் கொண்டுபோகும் சேகரிப்பு நாளம் இந்த உப்புப் பகுதி வழியாகத்தான் இறங்குகிறது. உடலில் நீர் குறைந்தால் மூளையிலிருந்து வாசோப்ரெசின் என்ற ஹார்மோன் சுரக்கும். நாளத்தின் சுவரில் நீர் வழிகள் திறக்கும். வெளியே உள்ள உப்பு நீரை இழுத்துக்கொள்ளும். ஆனாலும் ஓர் எல்லை உண்டு. அன்றாடக் கழிவை வெளியேற்ற அரை லிட்டர் சிறுநீராவது போயாக வேண்டும்.

‘கிட்னியைச் சுத்தம் செய்யும்’ சாறுகளுக்கு இதில் எந்த வேலையும் இல்லை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அவற்றிலுள்ள பொட்டாசியம் ஆபத்தாகவும் முடியலாம். வெயிலில் வாடிய நாளில் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைத் தாமாக வாங்கிப் போடுவது அதைவிட மோசம். நீர் குறைந்த உடலில் கிளாமருலஸுக்கு வரும் ரத்தக்குழாயைத் திறந்து வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற, உடலே உண்டாக்கும் வேதிப்பொருள். மாத்திரை அதன் உற்பத்தியைத் தடுக்கும், குழாய் சுருங்கும், வடிகட்டுவதே குறைந்துபோகும்.