பேரனின் குண்டு தாத்தாவின் குண்டைவிடப் பெரியது

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 18ஆம் நூற்றாண்டில் செய்த நீளக்குழல் ரைஃபிள் ஒன்று தாத்தா, மகன், பேரன் என்று கைமாறி வந்திருந்தால், அந்தக் கதையைக் குழலின் வாயிலேயே பார்க்கலாம். தாத்தா வார்த்த ஈயக் குண்டு பேரன் காலத்தில் அதே குழலுக்குள் தொளதொளவென்று ஆடும். பேரன் பெரிய குண்டு வார்க்க வேண்டியிருக்கும். குழல் ஏன் பெருத்தது என்பதைச் சொல்ல, முதலில் அதன் உள்ளே ஓடும் வரிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

லான்காஸ்டர் பகுதியில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள் வளர்த்தெடுத்த துப்பாக்கி இது. குழல் மட்டுமே ஒரு மீட்டருக்கு மேல் இருக்கும். குழலைத் தாங்கும் கட்டை மேப்பிள் மரத்தால் ஆனது. குழலின் துளை ஏறக்குறைய 0.45 அங்குலம்தான். ஒரு பவுண்டு ஈயத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட குண்டுகள் வார்க்கலாம். அக்காலப் போர்வீரனின் மஸ்கட் துப்பாக்கிக்கு அதே ஈயத்தில் பதினான்கு குண்டுகள்தான் கிடைக்கும். கடைத்தெருவை விட்டு வெகுதூரம் காட்டோரம் வாழ்ந்த குடும்பத்துக்கு இது பெரிய சேமிப்பு.

மஸ்கட்டின் குழல் உள்ளே வழவழப்பானது. குண்டு துளையைவிடச் சிறியது; சுவரில் இடித்து இடித்து வெளியேறும். கடைசி இடி எந்தப் பக்கம் விழுகிறதோ, அதற்கேற்ற சுழற்சியுடன் பறக்கும். சுழற்பந்து காற்றில் விலகுவதைக் கிரிக்கெட் பார்த்தவர்கள் அறிவார்கள். குண்டும் அப்படித்தான் விலகும். 1740களில் இங்கிலாந்தில் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற கணித அறிஞர் இதை அழகாக நிரூபித்தார். ஒரு துப்பாக்கிக் குழலின் நுனியை இடப்பக்கம் சற்று வளைத்தார். சுடும் வழியில் மெல்லிய காகிதத் திரைகளைக் கட்டினார். குண்டு முதலில் இடப்பக்கம் கிளம்பி, பிறகு வலப்பக்கம் திரும்பியது! வளைவில் குழலின் வலச்சுவரை உரசிப் பெற்ற சுழற்சிதான் அதைத் திருப்பியது. இந்த மேதை பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளராக நம் கரைக்கு வந்து, 1751இல் கடலூரில் உள்ள செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சலால் இறந்தார். கடலூர்க்காரர்கள் அவரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

சுழற்சியைத் தடுக்க முடியாதென்றால் அதை நாமே தீர்மானிக்கலாம். ரைஃபிள் செய்வது இதைத்தான். குழலின் உட்சுவரில் திருகாணி மரைபோல, ஆனால் மிக மெதுவாகத் திரும்பும் ஏழெட்டுப் பள்ளங்கள் ஓடுகின்றன. இவைதான் வரிகள். 48 அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று என்பது பரவலாக இருந்த அளவு. குண்டு நொடிக்கு 1,600 அடி வேகத்தில் போனால், நொடிக்கு 400 முறை சுழலும். சுழற்சியின் அச்சு பறக்கும் திசையிலேயே இருப்பதால் காற்று பக்கவாட்டில் தள்ளாது. வார்ப்பில் ஒருபக்கம் கனம் கூடியிருந்தாலும், அந்தப் பிழை எல்லாப் பக்கமும் சுற்றிவந்து ஈடாகிவிடும். மஸ்கட் நூறு கஜத்திலேயே தடுமாற, இது இருநூறு கஜத்தில் இலக்கைத் தொட்டது இதனால்தான்.

குண்டு பள்ளங்களைப் பற்றிக்கொள்வது துணியின் உதவியால். கொழுப்பு தடவிய துணித்துண்டைக் குழல்வாயில் வைத்து, அதன்மேல் சற்றே சிறிய குண்டை வைத்து, மரக்கோலால் அடிவரை தள்ளுவார்கள். துணி பள்ளங்களை நிரப்பிக்கொள்கிறது; பள்ளம் துணியைத் திருப்ப, துணி குண்டைத் திருப்புகிறது. வெளியே வந்ததும் துணி உதிர்ந்துவிடும். அதைப் பொறுக்கிப் பார்த்தால் குழலின் நலம் தெரியும்: கருகியிருந்தால் பிடிமானம் போதவில்லை, கிழிந்திருந்தால் உள்ளே எங்கோ கூர்மை.

இந்த வரிகளுக்குப் பகை வெடிமருந்தேதான். வெடியுப்பு, கரி, கந்தகம் கலந்த கரிமருந்து எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே எஞ்சுகிறது. அந்த உப்புக் கசடு காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். வெந்நீரில் கழுவி எண்ணெயிடாமல் ஒரு நாள் விட்டாலும் துரு பிடிக்கத் தொடங்கும். (எரியாத கரிமருந்தோ, ஈரம் படாவிட்டால் நூறாண்டு கடந்தும் வெடிக்கும். சுவரில் தொங்கும் பழந்துப்பாக்கி எதையும் காலி என்று நம்பிவிடக் கூடாது.)

இப்படித் துருவாலும், மரக்கோல் உரசியும் வரிகள் மழுங்கும்போது, குடும்பம் புதுத் துப்பாக்கி தேடிப் போகவில்லை. கொல்லரிடம் போனது. அவர் ஒரு கோலின் நுனியைக் குழலுக்குள் நிறுத்தி, அதைச் சுற்றி ஈயத்தை உருக்கி ஊற்றுவார். ஆறியதும் ஈயம் மழுங்கிய பள்ளங்களின் அச்சு அசலான வடிவத்தை எடுத்திருக்கும். அந்த ஈயத்தில் சிறிய எஃகு வெட்டுப்பல்லைப் பதித்து இழுத்தால், கோல் பழைய வரிகளின் வழியிலேயே திரும்பித் திரும்பி வரும். பல் மயிரிழையளவு இரும்பைச் சீவும். பிறகு பல்லின் அடியில் ஒரு காகிதத் துண்டைச் செருகி உயர்த்தி, மீண்டும் இழுப்பார். காகிதத்தின் கனமே வெட்டின் ஆழம். தேய்ந்துபோன வரியே தன்னைப் புதுப்பிக்க வழிகாட்டுகிறது என்பதை நினைக்கும்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

துப்பாக்கியின் மற்ற உறுப்புகளும் மாறின. சக்கிமுக்கிக் கல் எஃகைச் சுரண்டி, சூடேறிய இரும்புத் துகள்களைத் தீப்பொறியாக உதிர்க்கும் பழைய விசை, 1820களுக்குப் பிறகு பல வீடுகளில் கழற்றப்பட்டு, தட்டினால் வெடிக்கும் செப்புத் தொப்பிக்கு வழிவிட்டது.

வரிகளைப் புதுப்பித்த பிறகு குழலின் துளை பெருத்திருக்கும். சிறிதளவு என்றால் தடித்த துணி சமாளிக்கும். அதற்கு மேல் போனால், துப்பாக்கியோடு வந்த குண்டு அச்சையும் கொல்லர் வாங்கி, உருண்டை வெட்டுக்கருவியை உள்ளே வைத்துச் சுழற்றிக் குழியைப் பெரிதாக்குவார். அன்றிலிருந்து தாத்தாவின் அளவுக் குண்டை வார்க்க அந்த வீட்டில் அச்சு இருக்காது.