எலும்பு சிக்கவில்லை, மூச்சுக்குழாய் மடங்குகிறது

"டாக்டர், தொண்டையில எலும்பு மாட்டிக்கிச்சு போல." வயதான பொமரேனியனைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் கால்நடை மருத்துவரிடம் அடிக்கடி சொல்வது இதுதான். நாய் கழுத்தை நீட்டிக்கொண்டு, வாத்து கத்துகிற மாதிரி வறட்டு இருமல் இருமும். கடைசியில் ஓங்கரித்துக் கொஞ்சம் நுரையைத் துப்பும். பார்க்கிறவர்களுக்கு எலும்பு ஞாபகம்தான் வரும். ஆனால் குட்டி இன நாய்களில் பல சமயம் உள்ளே எதுவும் சிக்கியிருக்காது, மூச்சுக்குழாயே தட்டையாகிக்கொண்டிருக்கும்.

இந்தக் குழாயைத் திறந்தபடி வைத்திருப்பவை 'சி' எழுத்து வடிவிலான குருத்தெலும்பு வளையங்கள். அவற்றின் திறந்த வாய் முதுகுப் பக்கம் இருக்கிறது. அதை ஒரு மெல்லிய தசைச் சவ்வு மூடுகிறது. பொமரேனியன், யார்க்‌ஷயர் டெரியர், சிவாவா போன்ற இனங்களில் சில நாய்களுக்கு, குருத்தெலும்பில் தண்ணீரைப் பிடித்துவைக்கும் பொருள்கள் குறைந்துவிடுகின்றன. வளையம் விறைப்பை இழக்கிறது, சவ்வு தொய்ந்து உள்ளே இறங்குகிறது.

எந்த இடத்தில் மடங்குகிறது என்பதை மூச்சே சொல்லிவிடும். மூச்சை இழுக்கும்போது, கழுத்துப் பகுதிக் குழாயின் உள்ளே அழுத்தம் வெளியே இருப்பதைவிடக் குறைகிறது. இளநீர் உறிஞ்சும்போது வழுக்கை அடைத்துக்கொண்டால் ஸ்ட்ரா ஒட்டிக்கொள்கிறதே, அப்படித்தான் அங்கே குழாய் ஒட்டுகிறது. மார்புக்குள் இருக்கும் பகுதிக்கோ எல்லாம் தலைகீழ். மூச்சை வெளியே தள்ளும்போது, அதிலும் இருமும்போது, மார்புக்கூட்டின் அழுத்தம் குழாயைச் சுற்றி நின்று அமுக்குகிறது. அதனால் ஒரே ஒரு எக்ஸ்ரேயில் எல்லாம் சரியாகத் தெரியலாம். இழுக்கும்போது ஒன்று, விடும்போது ஒன்று என்று எடுத்தால் குட்டு வெளிப்படும்.

தொய்ந்த சவ்வு எதிர்ச்சுவரில் அடித்தால் அரிப்பு, அரித்தால் இருமல், இருமினால் இன்னும் அழுத்தம். குழாயின் ஆரம் பாதியானால், சீராக ஓடும் காற்றுக்குத் தடை 16 மடங்காகிறது. கழுத்துப்பட்டையைப் போட்டு, புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலைக் கூட்டத்துக்கு நடுவே சங்கிலியைச் சுண்டி இழுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மார்பைச் சுற்றிப் போடும் பட்டை வாங்குவதுதான் முதல் வைத்தியம். இரண்டாவது, எடை. தயிர்சாதமும் பிஸ்கட்டுமாக உருண்டுபோன பொமரேனியன்கள் நம் ஊரில் ஏராளம்.

அப்புறம் வெயில். நாய் உடம்பின் சூட்டைத் தணிப்பது முக்கியமாக மூச்சிரைத்துத்தான். நாக்கிலும் மூக்குப் பாதையிலும் இருக்கும் ஈரம் ஆவியாகும்போது சூடு வெளியேறுகிறது. கடலூர், புதுச்சேரிக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் ஆவியாவது மெதுவாகிறது. நாய் இன்னும் வேகமாக இரைக்கிறது. பலவீனமான குழாய் இன்னும் மடங்குகிறது.

பக் இனத்தின் பாடு வேறு. 2003-ல் வந்த ஹட்ச் செல்போன் நிறுவன விளம்பரத்துக்குப் பிறகு வீடு வீடாக வந்த அந்தச் சப்பை மூக்கு நாய்க்கு மண்டையோடு குட்டையானது, உள்ளே இருக்கும் மென்மையான அண்ணம் அதே அளவுக்குக் குட்டையாகவில்லை. மிச்சம் தொண்டையில் தொங்கிக் காற்றை மறிக்கிறது. மூக்குத் துளையும் இடுக்கு. அது குறட்டை விடுவதை அழகு என்று ரசிப்பது எனக்கு ஒப்பவில்லை, அது மூச்சுக்குப் போராடும் சத்தம்.

எல்லா இருமலும் குழாய்க் கோளாறு இல்லை. வயதான சின்ன நாய்களுக்கு இதய வால்வு கசிவதும் சகஜம். நாய் நன்றாகத் தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணிப் பாருங்கள். தொடர்ந்து 30-ஐத் தாண்டினால் காட்டிவிட வேண்டும். நாக்கு நீலமானால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. நாம் குடிக்கும் இருமல் மருந்தை ஊற்றவே வேண்டாம், அவற்றில் சில நாய்க்கு நஞ்சு. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது நாயை வேறு அறையில் விடுங்கள்.

மருத்துவர் மேஜையில் ஏற்றியதும் பல நாய்கள் இருமவே இருமாது. அதனால் வீட்டில் இருமும்போதே செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். சத்தம் வருவது மூச்சை இழுக்கும்போதா, விடும்போதா என்று மருத்துவர் அதிலேயே கவனித்துக்கொள்வார்.